பியானோ வாங்காமல் பியானோ வாசிப்பது எப்படி?



போன வருஷ ஆண்டு விழாவில் எங்கள் வகுப்புப் பாட்டுக்குப் பின்னணி இசை செல்போனில் ஓடியது ஞாபகம் இருக்கிறதா? நடுவில் யாரோ போன் பண்ண, இசை நின்று ரிங்டோன் வந்தது. ஆறாம் வகுப்புக் குட்டிகள்கூடச் சிரித்தார்கள். இந்த வருஷம் நானே வாசிக்கிறேன் என்று தமிழ் மிஸ்ஸிடம் சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் என்னிடம் வாசிக்க ஒன்றும் இல்லை என்பது உறைத்தது! உண்டியலில் 1,850 ரூபாய் இருந்தது. அக்கா பிளஸ் டூ முடித்தபோது அரசாங்கம் கொடுத்த லேப்டாப் இருந்தது. அதில் 4 ஜிபி ராம்.

லேப்டாப்பைப் பியானோவாக மாற்றும் மென்பொருள்கள் இரண்டு வகை. முதல் வகை, நிஜப் பியானோவைப் பதிவு செய்து வைத்திருக்கும். இரண்டாவது வகையில் பதிவே கிடையாது. கம்பி எப்படி அதிரும் என்று கம்ப்யூட்டரே கணக்குப் போட்டுச் சத்தம் உண்டாக்கும். பிரான்சிலிருந்து 2006-ல் வந்த பியானோடெக் இந்த வகை. பதிவு இல்லாததால் அளவு ரொம்பச் சின்னது. ஆனால் விலை 100 யூரோவுக்கு மேல், அதாவது நம்ம காசில் ஒன்பதாயிரத்துக்கும் மேல். கூடுதல் வாத்தியங்களுக்குத் தனி விலை. சோதனைப் பதிப்பு சும்மா கிடைக்கும், ஆனால் அதில் சில கட்டைகள் ஊமையாக இருக்கும், 20 நிமிஷத்தில் நின்றும் போகும்.

இங்கேதான் நான் ஒரு தப்பு செய்தேன். டவுனில் ஒரு கடையில் விலை அதிகமான வேறொரு பியானோ மென்பொருளைத் திருட்டுக் காப்பியாகப் பென் டிரைவில் ஐம்பது ரூபாய்க்குப் போட்டுத் தந்தார்கள். லேப்டாப்பில் செருகினேன். மறுநாள் அக்காவின் குரூப் 4 நோட்ஸ் ஃபோல்டர் எல்லாம் ஷார்ட்கட்டாக மாறிக் கிடந்தது. அக்கா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. கம்ப்யூட்டர் சார்தான், ஃபைல்கள் அழியவில்லை, வைரஸ் மறைத்து வைத்திருக்கிறது என்று சொல்லி எல்லாவற்றையும் மீட்டுத் தந்தார். அந்த ஐம்பது ரூபாயையும் சேர்த்தால் உண்டியலில் 1,900 இருந்திருக்கும்.

சரி, சும்மா கிடைப்பது நல்லா இருக்குமா? இருக்கு! சலமாண்டர் கிராண்ட் பியானோ என்று ஒரு தொகுப்பு. யமஹா சி5 என்ற பெரிய பியானோவைப் பதிவு செய்தது. பியானோவில் 88 கட்டைகள். அதில் மூன்றுக்கு ஒன்று வீதம் 30 கட்டைகளை மட்டும், ஒவ்வொன்றையும் மெதுவிலிருந்து பலமாக 16 விதமாக அடித்துப் பதிந்திருக்கிறார்கள். ஆக 480 பதிவுகள். நடுவில் விட்ட கட்டைகளுக்குப் பக்கத்துச் சத்தத்தையே கொஞ்சம் ஏற்றி இறக்கிக் கொள்ளும். முழு அளவு ஒரு ஜிபிக்கு மேல். எங்கள் லேப்டாப் முக்கும் என்று சுருக்கிய வடிவத்தை எடுத்தேன். எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. இதை வாசிக்க ஸ்ஃபோர்சாண்டோ என்ற மென்பொருள் வேண்டும், அதுவும் இலவசம். பின்னால் வயலின், புல்லாங்குழல் வேண்டுமானால் அதே மென்பொருளிலேயே வேறு இலவசத் தொகுப்புகளையும் திறக்கலாம்.

அடுத்த தொல்லை, கட்டை. லேப்டாப்பின் எழுத்துப் பலகையிலேயே வாசித்துப் பார்த்தேன். மூன்று எழுத்தைச் சேர்த்து அழுத்தினால் சில சமயம் ஒன்று கேட்காது. மெதுவாக அழுத்தினாலும் குத்தினாலும் ஒரே சத்தம். 16 விதப் பதிவு இருந்தும் என்ன பிரயோஜனம்?

சித்தப்பா இசைக்குழுவில் வாசிப்பவர். ஸ்பீக்கர் போன கீபோர்டு ஒன்றைப் பரணில் போட்டிருந்தார். "ஸ்பீக்கர்தானே போச்சு, கட்டை நல்லாத்தானே இருக்கு பாப்பா" என்றார். அதன் முதுகில் பிரிண்டரில் இருக்குமே, அதே சதுர ஓட்டை! பிரிண்டர் கேபிள் 120 ரூபாய். அந்தக் கேபிளில் சத்தம் போகாது. எந்தக் கட்டை, எவ்வளவு வேகமாக அழுத்தினோம் என்ற எண் மட்டும்தான் போகும். அந்த எண் 1 முதல் 127 வரை. 1983-ல் வந்த மிடி என்ற இந்த முறை இன்றும் நடப்பில் இருக்கிறது. சத்தம் லேப்டாப்பிலிருந்து வரும். அதனால் ஸ்பீக்கர் போன கீபோர்டே போதும். (பழையது வாங்குகிறவர்கள், அழுத்தத்துக்கு ஏற்பச் சத்தம் மாறுமா என்று கேட்டு வாங்குங்கள். எல்லாவற்றிலும் அது கிடையாது.)

மாட்டி வாசித்தால், அழுத்திய பிறகு தாமதமாகச் சத்தம் வந்தது. கை முன்னால் போகிறது, காது பின்னால் வருகிறது! காரணம் பஃபர். கம்ப்யூட்டர் சத்தத்தைத் துண்டு துண்டாகச் சேர்த்துத்தான் வெளியே விடும். ஒரு நொடிக்கு 44,100 துளிகள். 1,024 சேரும்வரை காத்திருந்தால் சுமார் 23 மில்லி நொடி ஆகும். ஒலி அதற்குள் எட்டு மீட்டர் போய்விடும், அதாவது பியானோ எட்டு மீட்டர் தள்ளி இருப்பது போல. ஏசியோஃபோர்ஆல் என்ற இலவச டிரைவரைப் போட்டு 256 ஆக்கினேன். 6 மில்லி நொடிக்குள் வந்துவிட்டது. இன்னும் குறைத்தேன், எண்ணெயில் கடுகு போட்ட மாதிரி படபடவென்று வெடித்தது. திரும்ப 256-லேயே விட்டுவிட்டேன்.

மொத்தச் செலவு 120 ரூபாய். மீதி 1,730-க்குக் கால் பெடல் வாங்கச் சொல்கிறார் சித்தப்பா. எனக்கு ஹெட்போன்தான் முதலில் வேண்டும். இராத்திரி வாசித்தால் அக்கா படிக்க முடியவில்லையாம்.

வெள்ளிக்கிழமை மதிய இடைவேளையில் கம்ப்யூட்டர் அறையில் ஒத்திகை. பாடுகிறவர்கள் வாங்க.

- ஒன்பதாம் வகுப்பு மாணவி