ஷாக் அப்சார்பரைக் கழற்றும் முன் வண்டி எதன் மேல் நிற்கிறது?

"மாமா, சும்மா வண்டியைப் பிடிச்சுக்குங்க. ஒரே ஒரு போல்ட்டுதான், உருவிடலாம்" என்றான் அக்கா மகன். திருவண்ணாமலையில் செங்கம் சாலைப் பக்கம் எங்கள் வீட்டு வாசல். மழைத்தண்ணீர் ஓடுவதற்காகச் சாய்வாகப் போட்ட சிமெண்ட் தரை. மோனோஷாக் வண்டி, பின்பக்கம் பேடக் ஸ்டாண்டில் நின்றது. போல்ட் வர மறுத்தது. சுத்தியலால் தட்டினான். போல்ட் வெளியே தெறித்த அதே நொடியில் சீட் அப்படியே டயர் மேல் இறங்கியது. இடையில் இருந்த அவன் கையை எப்படி எடுத்தான் என்று இன்றும் எனக்குப் புரியவில்லை.

தவறு அவன் பலத்தில் இல்லை, ஸ்டாண்டில் இருந்தது. பேடக் ஸ்டாண்ட் தாங்குவது பின் சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஸ்விங் ஆர்மை. வண்டியின் சட்டம், அதாவது சேஸிஸ், அந்த ஸ்விங் ஆர்ம் மேல் உட்கார்ந்திருப்பதே ஷாக் அப்சார்பர் வழியாகத்தான். அதைக் கழற்றினால் சேஸிஸுக்குப் பிடிமானம் ஏது? செயின் துடைக்க, டயர் கழற்ற அந்த ஸ்டாண்ட் போதும். இந்த வேலைக்கு ஆகாது. இறங்கும் எடையும் லேசானதல்ல: புல்லட் 350 ஒன்று 195 கிலோ. ஸ்ப்ளெண்டரே 110 கிலோவுக்கு மேல்.

சென்டர் ஸ்டாண்ட் சேஸிஸோடு சேர்ந்தது என்பதால் அதில் நிறுத்தலாம். இரட்டை ஷாக் உள்ள வண்டியில் ஒரு பக்கம் மாட்டி முடித்த பிறகே மறுபக்கம் கழற்ற வேண்டும். டியூக், ஆர்15 போன்றவற்றில் சென்டர் ஸ்டாண்டே இல்லை. அவற்றுக்கு இன்ஜின் அடியில் மரக்கட்டை வைத்து ஜாக்கி கொடுக்கலாம். ஆயில் போல்ட்டிலோ சைலன்சர் பைப்பிலோ பாரம் விழக்கூடாது. ஜாக்கி தூக்குவதற்கு மட்டுமே. தூக்கியதும் இருபக்கமும் கெட்டியான முட்டுக் கொடுங்கள். முன் பிரேக்கை நாடாவால் இறுக்கிக் கட்டி, முன் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். பின் சக்கரத்துக்கு அடியிலும் ஒரு பலகை வேண்டும், இல்லையென்றால் ஸ்விங் ஆர்ம் தொங்கி பிரேக் ஹோஸை இழுக்கும். சமதளம் இல்லாத வாசலில் இந்த வேலையே வேண்டாம். ஃபேன் கொக்கியில் கயிறு கட்டித் தூக்குவதை நான் பார்த்திருக்கிறேன். அந்தக் கொக்கி ஃபேனுக்காகப் போட்டது.

சரியான உயரத்துக்கு ஓர் அடையாளம் உண்டு. நட்டைக் கழற்றியதும் போல்ட் விரலால் தள்ளினாலே நகர வேண்டும். சுத்தியல் கேட்டால் இன்னும் அதன் மேல் பாரம் இருக்கிறது என்று அர்த்தம். ஜாக்கியைக் கொஞ்சம் ஏற்றியோ இறக்கியோ பாருங்கள். துருப்பிடித்த பழைய போல்ட் என்றால் மட்டும் முதல் நாளே எண்ணெய் விட்டு வையுங்கள். கேஸ் ஷாக்கைத் துளையிடவோ சூடாக்கவோ கூடாது. உள்ளே அழுத்தத்தில் நைட்ரஜன் இருக்கிறது.

இனி, அரசுச் சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். கம்பெனி சொன்ன அளவிலேயே ஷாக்கை மாற்றுவது பழுதுபார்த்தல். ஸ்விங் ஆர்மை நீட்டுவது, சேஸிஸை வெல்டு செய்வது வேறு கதை. மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு, ஆர்.சி. விவரம் தயாரிப்பாளர் கொடுத்ததிலிருந்து மாறும்படி வண்டியைத் திருத்தத் தடை விதிக்கிறது. 2019 திருத்தத்தில் சேர்ந்த 182ஏ பிரிவின்படி, அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும்.

வாங்கிய ஷாக்கே உடைந்து காயம்பட்டால் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 துணை நிற்கும். தயாரிப்பாளர், விற்றவர் இருவரிடமும் இழப்பீடு கேட்கலாம். முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் செய்யுங்கள். தீரவில்லை என்றால் திருவண்ணாமலை மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுக்குள் மனு போடுங்கள். கடை எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே போடலாம். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது.

ஆனால் பொருளைத் தவறாகப் பயன்படுத்தியவர், மாற்றியமைத்தவர் விற்பனையாளர் மேல் இந்த இழப்பீட்டு வழக்குப் போட முடியாது என்று 87-ஆம் பிரிவு சொல்கிறது. அதனால்தான் அக்கா மகனிடம் சொல்லி வைத்திருக்கிறேன்: பில், அட்டைப்பெட்டி, மாட்டும் முறைத் தாள், பழைய ஷாக் எதையும் தூக்கிப் போடாதே. போல்ட்டைத் தொடும் முன், வண்டி எதன் மேல் நிற்கிறது என்று தெரியும்படி ஒரு போட்டோ எடுத்துக்கொள்.