நிக்கான் டி70
நிக்கான் டி70 என்பது ஜப்பானிய நிறுவனமான நிக்கான் 2004 ஆம் ஆண்டு சனவரியில் அறிவித்த டிஜிட்டல் எஸ்.எல்.ஆர் ஒளிப்படக்கருவி ஆகும். தொழில்முறையாளர் அல்லாத, ஆனால் ஒளிப்படக்கலையில் ஆழ்ந்த ஈடுபாடு கொண்ட ஆர்வலர்களை மனதிற்கொண்டு இது வடிவமைக்கப்பட்டது. 6.1 மெகாபிக்சல் சி.சி.டி. உணரியைக் கொண்ட இக்கருவியின் தயாரிப்பு நிறுத்தப்பட்டுப் பல ஆண்டுகள் ஆகின்றன. எனினும், ஓர் ஒளிப்படக்கருவியை மெகாபிக்சல் எண்ணிக்கையை மட்டும் கொண்டு ஏன் மதிப்பிட இயலாது என்பதை விளக்க இது நல்ல எடுத்துக்காட்டாகும்.

பின்னணி

2002 இல் வெளிவந்த நிக்கான் டி100 கருவியின் அறிமுக விலை, வில்லை இல்லாமல், 1,999 அமெரிக்க டாலர். 2003 ஆகத்து மாதத்தில் கேனான் நிறுவனம் தனது இஓஎஸ் 300டி கருவியை 899 டாலருக்கு அறிவித்தபோது, இவ்வகைக் கருவிகள் முதன்முறையாக ஆயிரம் டாலருக்குள் கிடைத்தன. ஆனால் குறைந்த விலைக்கு ஈடாகச் சில வசதிகளை வாங்குபவர் இழக்க நேர்ந்தது. எடுத்துக்காட்டாக, ஃபிளாஷ் ஒளியின் அளவைக் கூட்டிக் குறைக்கும் வசதி அதில் இல்லை. தானியங்கிக் குவியம் எம்முறையில் இயங்கவேண்டும் என்பதையும் பயனர் விரும்பியவாறு தெரிவு செய்ய இயலாது. பின்னாளில் பயனர்கள் சிலர் கருவியின் மென்பொருளை மாற்றியமைத்து, உள்ளே மறைந்திருந்த வசதிகள் சிலவற்றை வெளிக்கொணர்ந்தனர். அவ்வசதிகளுக்கு வேண்டிய வன்பொருள் கருவியில் முன்பே இருந்தது என்பதே இதன் பொருள்.

டி70 இன் அறிமுக விலை 999 டாலர். 18-70 மி.மீ. வில்லையுடன் 1,299 டாலர். உணரி ஏறத்தாழ டி100 இல் இருந்த அதே அளவினது. 300டி இன் உணரி 6.3 மெகாபிக்சல். ஆகவே எண்ணிக்கையில் மூன்றும் ஒரே தரத்தினவே. வேறுபாடு வேறிடத்தில் இருந்தது.

படத்தின் அளவு

டி70 தரும் படம் 3008 × 2000 பிக்சல்கள் கொண்டது. அங்குலத்திற்கு 300 புள்ளிகள் என்ற கணக்கில் அச்சிட்டால் 10 அங்குல அகலமும் 6.7 அங்குல உயரமும் கிடைக்கும். இன்றைய கைப்பேசிகள் இதைவிடப் பன்மடங்கு பிக்சல்களைத் தருகின்றன. எனினும் டி70 இன் உணரி 23.7 × 15.6 மி.மீ. அளவினது; கைப்பேசி உணரிகளைவிட மிகப் பெரியது. 35 மி.மீ. படச்சுருளைவிட இது சிறியது என்பதால் 50 மி.மீ. வில்லை இதில் 75 மி.மீ. வில்லை போன்ற பார்வைக் கோணத்தையே தரும்.

மூடுதிரையும் ஃபிளாஷும்

டி70 இன் மிகச் சிறப்பான கூறு இதுவே. பொதுவாக எஸ்.எல்.ஆர் கருவிகளில் இரு திரைகள் ஒன்றன்பின் ஒன்றாக நகர்ந்து ஒளியை அளவிட்டு உள்ளே விடுகின்றன. நேரம் மிகக் குறையும்போது முதல் திரை முழுவதும் திறக்குமுன்பே இரண்டாம் திரை மூடத் தொடங்கிவிடும். அந்நிலையில் ஃபிளாஷ் ஒளிர்ந்தால் படத்தின் ஒரு பட்டை மட்டுமே ஒளிபெறும். ஆகவே ஃபிளாஷுடன் பயன்படுத்தத்தக்க வேகத்திற்கு ஓர் எல்லை உண்டு. அது 300டி இல் 1/200 நொடி, டி100 இல் 1/180 நொடி.

டி70 இல் குறுகிய நேரங்களை இயந்திரத் திரை தீர்மானிப்பதில்லை. திரை முழுவதும் திறந்திருக்க, உணரியே மின்னணு முறையில் ஒளி சேர்ப்பதைத் தொடங்கி நிறுத்துகிறது. இதனால் எல்லை 1/500 நொடியாக உயர்ந்தது. மிகக் குறைந்த நேரமும் 1/8000 நொடி ஆயிற்று.

இதன் பயனைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். உச்சி வெயிலில் நிற்பவரின் முகத்தில் விழும் நிழலை ஃபிளாஷால் நீக்க வேண்டும் எனக் கொள்வோம். ஐ.எஸ்.ஓ 200 இல், 1/200 நொடிக்கு எஃப்/16 துளை தேவை. 1/500 நொடியில் எஃப்/10 போதும். துளை பெரிதாவதால் ஃபிளாஷ் ஒளி கூடுதலாக உட்புகும். வெயிலின் பங்கோ மாறாது. 300டி இல் ஐ.எஸ்.ஓ 100 உண்டு, டி70 இல் 200 தான் குறைந்த அளவு என்று வாதிடலாம். ஆனால் ஐ.எஸ்.ஓ குறைந்தால் ஃபிளாஷ் ஒளியின் பதிவும் அதே விகிதத்தில் குறைவதால் அவ்வாதம் இங்கு நிற்காது. தேவைப்படும் ஃபிளாஷ் ஆற்றல் ஐந்தில் இரண்டு பங்காகக் குறைகிறது. வேறுவிதமாகச் சொன்னால், அதே ஃபிளாஷ் ஒன்றரை மடங்கிற்குச் சற்றே கூடுதலான தொலைவை எட்டும். இத்தகைய ஆதாயத்தை விளம்பரத்தின் மெகாபிக்சல் எண்ணில் காண இயலாது.

இம்முறைக்கு ஒரு விலையும் உண்டு. மிகக் குறுகிய நேரத்தில் கதிரவனையோ கண்கூசும் எதிரொளிப்பையோ எடுத்தால், உணரியில் மின்னூட்டம் வழிந்து படத்தில் வெண்கோடு ஓடக்கூடும்.

வேகம்

டி70 நொடிக்கு 3 படங்கள் எடுக்கும். 300டி நொடிக்கு 2.5; இவ்வேறுபாடு பெரிதன்று. ஆனால் 300டி நான்கு படங்களுக்குப் பின் நின்றுவிடும். டி70 இல் ஜேபெக் வடிவில், விரைவான நினைவட்டை இருந்தால், நூற்றுக்கும் மேற்பட்ட படங்களைத் தொடர்ந்து எடுக்கலாம். பதப்படுத்தாத ரா வடிவில் இந்த மேன்மை இல்லை. அங்கு இதற்கும் எல்லை நான்கு படங்களே. விளையாட்டு, பறவைகள் போன்றவற்றை எடுப்போர் இதைக் கருத வேண்டும்.

மூடுதிரை நேரத்திற்கும் துளைக்கும் தனித்தனிச் சக்கரங்கள் உள்ளன. ஒரே சக்கரம் கொண்ட கருவிகளில் பழகியவர்களுக்கே இதன் அருமை விளங்கும்.

குறைகள்

காண்கருவி 95 விழுக்காடு பரப்பையே காட்டுகிறது. முப்பட்டகத்திற்குப் பதில் ஆடிகளால் ஆனதால் சற்றுச் சிறிதாகவும் தோன்றும். 1.8 அங்குலத் திரையில் குவியத்தைச் சரிபார்ப்பது கடினம். உணரியின் முன்னுள்ள வடிகட்டி மெலிதானது. இதனால் படம் கூர்மையாக அமைந்தாலும், துணியின் நெசவு போன்ற நுண்ணிய ஒழுங்குகளில் இல்லாத நிறங்களும் அலைவடிவங்களும் தோன்றுவதுண்டு. மின்னிணைப்பு இல்லாத பழைய கைமுறை வில்லைகளைப் பொருத்தலாம், ஆனால் ஒளியளவீடு செயற்படாது. தானியங்கிக் குவியத்திற்கான மோட்டார் உடலிலேயே இருப்பதால், பின்னர் வந்த டி40 ஐப் போலன்றி, பழைய தானியங்கி வில்லைகள் இதில் முழுமையாக இயங்கும்.

சில கருவிகளில் நினைவட்டை விளக்கு ஓயாமல் கண்சிமிட்டி, கருவி செயலிழந்தது. நிறுவனம் இதற்கென அறிவிப்பு வெளியிட்டு இலவசமாகப் பழுதுநீக்கித் தந்தது.

பிந்தைய பதிப்புகள்

2005 ஏப்ரலில் டி70எஸ் வெளியானது. 2 அங்குலத் திரையும் கம்பிவழி இயக்கியை இணைக்கும் வசதியும் சேர்ந்தன. குவிய மேம்பாடு பழைய டி70 பயனர்களுக்கும் மென்பொருள் இற்றைப்படுத்தல் வழியே கிடைத்தது. 2006 ஆகத்தில் அறிவிக்கப்பட்ட 10.2 மெகாபிக்சல் டி80 இவற்றின் இடத்தைப் பிடித்தது. அதில் படப்புள்ளிகள் பெருகின. ஃபிளாஷ் எல்லையோ 1/200 நொடிக்கு இறங்கியது.

பயன்படுத்தப்பட்ட டி70 ஐ வாங்குவோர், அதில் புதிதாக ஒரு படம் எடுத்துக் கணினியில் ஆராய்வது நன்று. மூடுதிரை எத்தனை முறை இயங்கியுள்ளது என்ற எண் அப்படக் கோப்பிலேயே பதிவாகியிருக்கும்.