மருந்தும் மரபும் மெய்யின் எடையும்

திருக்குறளில் 'மருந்து' என்னும் அதிகாரத்தை எடுத்து நோக்கினால், அது வேரையும் தழையையும் பற்றிப் பேசாது, பெரும்பாலும் உணவின் அளவைப் பற்றியே பேசுவதைக் காணலாம். வயிறு 'போதும்' என்று சொல்வதைக் கேட்டு நடக்க இயலும் என்னும் நம்பிக்கை அதன் அடியில் உள்ளது. அந்தப் 'போதும்' என்னும் உணர்வையே மங்கச் செய்யும் மருந்துகளும் இன்று உள்ளன. மனச்சிதைவு முதலிய கடும் மனநோய்களுக்குத் தரப்பெறும் மருந்துகளிற் சிலவற்றையே ஈண்டுக் குறிப்பிடுகின்றோம்.

இல்லாத குரல் காதில் ஒலிப்பதும், எவரோ பின்தொடர்வதாக அஞ்சுவதும் இம்மருந்துகளால் தணிகின்றன. உறக்கம் திரும்புகின்றது; வீட்டார் மூச்சு விடுகின்றனர். ஆனால் இரண்டு மூன்று திங்களுக்குள் பழைய சட்டை பொருந்தாமற் போகின்றது. "உட்கார்ந்து தின்றால் பருக்காமல் என்ன செய்யும்?" என்று உறவினர் கேட்கின்றனர். அச்சொல் பொறாது மருந்தை யாருமறியாமல் நிறுத்திவிடுவோர் உளர். நிறுத்தியோரிற் பலர்க்கு நோய் மீள்கின்றது. ஆகவே அக்கேள்வி நியாயமானதுதானா என்று ஆராய்வது நம் கடமையாகின்றது.

1952-இல் பாரிசு நகரின் செயின்ட் ஆன் மருத்துவமனையில் ழான் டெலே, பியர் டெனிக்கர் என்னும் மருத்துவர் இருவர் குளோர்புரோமசின் என்னும் மருந்தை மனநோயாளர்க்கு அளித்துப் பயன் கண்டனர். இத்துறையில் புதிய காலம் அன்று தொடங்கியது. உடல் பருப்பதும் அப்பத்தாண்டிலேயே மருத்துவர் கண்ணிற் பட்டது. பின்னர் வந்த மருந்துகளைப் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து 1999-இல் வெளிவந்த கட்டுரையொன்று, பத்து வாரங்களில் ஏறும் சராசரி எடையைக் கணக்கிட்டது. குளோசபின் 4.45 கிலோ, ஓலன்சபின் 4.15 கிலோ, ரிஸ்பெரிடோன் 2.10 கிலோ, சிப்ரசிடோன் 0.04 கிலோ மட்டுமே. உண்போரின் ஒழுக்கமே காரணமாயின், மருந்துக்கு மருந்து இத்துணை வேறுபாடு எங்ஙனம் வரும்?

இம்மருந்துகள் மூளையில் டோபமின் ஏற்பிகளைத் தடுத்து நோயைத் தணிக்கின்றன. அத்துடன் நில்லாது, ஹிஸ்டமின், செரட்டோனின் ஆகியவற்றின் ஏற்பிகள் சிலவற்றையும் மூடிவிடுகின்றன. பசியை ஆளும் ஹைப்போதலாமஸ் என்னும் மூளைப் பகுதியில் இவ்வேற்பிகளுக்குப் பெரும்பங்கு உண்டு. செரட்டோனினின் '2சி' ஏற்பி இல்லாதவாறு பிறப்பிக்கப்பெற்ற எலிகள் மிகுதியாகத் தின்று பருத்ததை 1995-இல் வெளியான ஆய்வு காட்டியது. அந்த எலிகளை எவரும் சோம்பேறிகள் என்று ஏசவில்லை!

சரி, ஒரே மருந்தை ஒரே அளவில் உண்ணும் இருவரில் ஒருவர் இருபது கிலோ பருக்க, மற்றவர் மாறாதிருப்பது ஏன்? இங்கேதான் மரபணு வருகின்றது. ஒரே கருவிற் பிறந்த இரட்டையர் இருவரும் இம்மருந்துகளை உண்டபோது, அவர்தம் எடையேற்றம் பெரிதும் ஒத்திருந்ததை மருத்துவர் பதிந்துள்ளனர். 2002-இல் 'லான்செட்' இதழில் வெளியான ஆய்வு, முதன்முறையாக மருந்துண்ணத் தொடங்கிய 123 சீன நோயாளரை ஆராய்ந்தது. மேற்கூறிய '2சி' ஏற்பியின் மரபணுவுக்கு முன்னுள்ள பகுதியில் ஓரிடத்தில் சைட்டோசினுக்கு மாறாகத் தைமின் என்னும் எழுத்தைப் பெற்றிருந்தோர், ஏனையோரைக் காட்டிலும் குறைவாகவே பருத்தனர். கோடிக்கணக்கான எழுத்துகளுள் ஒன்றே ஒன்று! இதனைப் பிற நாட்டு ஆய்வுகள் சில உறுதிப்படுத்தின. சில உறுதிப்படுத்தவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

மரபணுத் தொகுதி முழுவதையும் துழாவிய ஆய்வொன்று 2012-இல் வெளிவந்தது. முதன்முறையாக இவ்வகை மருந்துண்ட 139 இளையோரிடம் தொடங்கி, வேறு மூன்று குழுவினரிடமும் அது சரிபார்க்கப்பட்டது. 'எம்.சி.4.ஆர்.' என்னும் மரபணுவின் அருகிலுள்ள வேறுபாடொன்றைத் தாய் வழியும் தந்தை வழியும் ஆக இருபடியாகப் பெற்றவர்கள், பன்னிரண்டு வாரங்களில் மற்றவரைப் போல் ஏறத்தாழ மும்மடங்கு எடை கூடினர். இம்மரபணு பழுதுபட்டால் மருந்தேதும் இல்லாமலே குழந்தைப் பருவத்திலேயே கடும் பருமன் வரும் என்பது முன்னரே அறியப்பட்டதாகும். பசியின் அதே கடிவாளத்தைத்தான் மருந்தும் பற்றி இழுக்கின்றது போலும்.

இவ்வளவு அறிந்தும், குருதியைச் சோதித்து 'உமக்கு இம்மருந்து ஆகாது' என்று முன்கூட்டியே உரைக்கும் நிலை வழக்கமான மருத்துவத்தில் இன்னும் வரவில்லை. பல மரபணுக்கள் சிறிது சிறிதாகப் பங்கு கொள்கின்றன. மருந்தின் அளவு, வயது, உணவு, நடமாட்டம் ஆகியனவும் உடன் சேர்கின்றன. உணவும் நடையும் வீண் என்பது நம் கருத்தன்று. மருந்தால் பசி மிகுந்தவர்க்கு அவை பிறரினும் கடினம் என்பதே நாம் சொல்வது.

அவ்வாறாயின் மருந்தை விட்டொழித்தால் என்ன? பின்லாந்து நாட்டில் 1996 முதல் 2006 வரை 66,881 மனச்சிதைவு நோயாளரைப் பின்தொடர்ந்து, 2009-இல் வெளிவந்த ஆய்வு இதற்கு விடை தருகின்றது. மருந்தே உண்ணாதோரை விட, நெடுங்காலம் மருந்துண்டோரிடையே இறப்பு குறைவாக இருந்தது. மருந்துகளுள் மிகக் குறைந்த இறப்பு விகிதம் குளோசபினுக்கே உரியதாயிற்று. எடையை மிகுதியாக ஏற்றும் மருந்து அதுவே என்பதை மேலே கண்டோம். நம்மை வியக்க வைத்த செய்தி இது.

நம் நாட்டவர்க்குக் கவலை சற்று மிகுதி. கிலோவில் உள்ள எடையை மீட்டரில் உள்ள உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் வரும் எண், உலகப் பொது வரம்பில் 25 வரை இருக்கலாம். ஆசிய மக்களுக்கோ 23-லேயே விழிப்பு வேண்டுமென உலகச் சுகாதார நிறுவனத்தின் வல்லுநர் குழு 2004-இல் அறிவுறுத்தியது. குறைந்த பருமனிலேயே நீரிழிவு நம்மவரைப் பற்றிவிடுவதே காரணம். எனவே மருந்து தொடங்கும் நாளிலேயே எடையையும் இடுப்பளவையும் சர்க்கரையையும் குறித்துக்கொள்ளுமாறு மருத்துவரிடம் கேட்பதில் தவறில்லை. முதல் நான்கைந்து வாரங்களில் விரைந்து ஏறுபவரே பின்னரும் மிகுதியாக ஏறுவர் என்று ஆய்வுகள் காட்டுவதால், அவ்வாரங்களில் வாரந்தோறும் எடை பார்த்தல் நன்று. ஏறினால் மருத்துவர் வேறு மருந்துக்கு மாற்றலாம். அல்லது நீரிழிவுக்குரிய மெட்ஃபார்மினை உடன் தரலாம். அது எடையேற்றத்தை ஓரளவு தடுப்பது பல ஆய்வுகளிற் புலனாகியுள்ளது.