அறிஞரும் ஆட்சியும்: கியூ தோட்டத்து வழக்கு

அறிவியல் விருப்பு வெறுப்பற்றது என்பர். ஆயினும் அதனை வளர்ப்போர் மாந்தரே. அரசின் பொருளால் நடைபெறும் ஆய்வில் ஆள்வோரின் அதிகாரமும் அறிஞரின் பகைமையும் கைகோத்தால் நேர்வது யாது? விக்டோரியா அரசியின் காலத்தில், இலண்டனை அடுத்த கியூ தாவரத் தோட்டத்தைக் குறித்து எழுந்த வழக்கு இதனை நமக்கு விளக்குகின்றது.

1865இல் ஜோசப் ஹூக்கர் தம் தந்தையாருக்குப்பின் கியூவின் இயக்குநரானார். 1869இல் பிரதமர் கிளாட்ஸ்டன், அயர்ட்டன் என்பாரைப் பொதுப்பணித் துறைக்குத் தலைவராக்கினார். மக்களின் வரிப்பணத்தைச் சிக்கனமாய்ச் செலவிடல் வேண்டும் என்பது அவர் கொள்கை. அது தவறன்று. ஆனால் ஹூக்கரைக் கலந்துகொள்ளாமலே அவருடைய பொறுப்புகள் சிலவற்றை வேறோர் அதிகாரியிடம் ஒப்புவித்தார். ஹூக்கர் பிரதமரிடம் முறையிட்டும் பயனில்லை. 1872இல் டார்வின், லயல், ஹக்ஸ்லி, டிண்டல் முதலியோர் அவருக்காகப் பிரதமரிடம் விண்ணப்பித்தனர்.

இந்நிலையில் பழம்பகை ஒன்று உட்புகுந்தது. பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் இயற்கைப்பொருட் பிரிவுகளை 1856 முதல் மேற்பார்த்தவர் ரிச்சர்டு ஓவன். 1860இல் டார்வினின் நூலைப் பெயர் குறியாத மதிப்புரையில் கடிந்தவர் அவரே. ஹூக்கரோ டார்வினின் உற்ற நண்பர். மேலும், உலர்ந்த தாவர மாதிரிகளின் பெருந்தொகுப்பு கியூவிலும் இருந்தது, அருங்காட்சியகத்திலும் இருந்தது. அயர்ட்டனுக்கு ஓவன் அளித்த அறிக்கை கியூவின் தொகுப்பை இழித்துரைத்தது. ஹூக்கருக்குக் காட்டப்பெறாமலே அது பாராளுமன்றத்தின்முன் வைக்கப்பட்டது.

விண்ணப்பித்தோரும் முற்றும் நடுநிலையாளர் அல்லர் என்பதையும் நாம் கூறவேண்டும். ஹூக்கர், ஹக்ஸ்லி, டிண்டல் உள்ளிட்ட ஒன்பதின்மர் 1864 முதல் எக்ஸ் கழகம் என்னும் நட்புக் குழுவாய்க் கூடிவந்தவர்கள்.

1872 ஆகஸ்டில் காமன்ஸ் சபை இதனை விவாதித்தது. மறு ஆண்டில் அயர்ட்டன் வேறு பதவிக்கு மாற்றப்பட்டார். அதே ஆண்டில் ஹூக்கர் ராயல் சங்கத்தின் தலைவரானார். 1885 வரை கியூவையும் நடத்தினார். தொகுப்பு கியூவிலேயே நிலைத்தது.

இவ்வழக்கில் இரு கேள்விகள் கலந்துவிட்டன. பொதுப்பணத்திற்குக் கணக்குக் கேட்பது ஆட்சியின் உரிமை. ஆய்வின் தகுதியை மதிப்பிடுவதோ அத்துறை அறிந்தோரின் கடமை. கணக்குக் கேட்டது அயர்ட்டனின் பிழையன்று. பகைவரின் சான்றை மறைவில் பெற்று, எதிர்த்தரப்பின் மறுமொழியைக் கேளாது விட்டதே பிழை. இரண்டு தொகுப்புகள் தேவைதானா என்னும் நேர்மையான வினாவும் இதனால் பகையின் குரலாகவே கேட்கப்பட்டது. நியாயமான வினாவாயினும், அதனை எழுப்பும் முறை நியாயமாயிராவிடில், அதற்கு நேரிய விடை கிடைப்பதரிது.