ஈயைக் காட்டிக்கொடுக்கும் வேகம்

கரையில் நின்று பார்த்தால் ஆறு ஒரே சீராக ஓடுவதுபோலத்தான் இருக்கும். இறங்கிப் பார்த்தால்தான் விஷயம் புரியும். அடித்தரையை உரசிப் போகும் நீர் மெதுவாக ஓடும், மேல்நீர் விரையும். பாறைக்குப் பின்னால் தண்ணீர் வந்த திசைக்கே திரும்பிச் சுழிக்கும். பாறையின் முகப்பிலும் சிறு தேக்கம் ஒன்று இருக்கும். ஓரடி அகலத்துக்குள் இரண்டு மூன்று வேகங்கள்!

இந்த வேக வேறுபாட்டை வைத்தே பிழைப்பு நடத்தும் மீன் டிரவுட். குளிர்ந்து தெளிந்த ஓடைகள்தான் அதற்கு வீடு. நீலகிரி ஓடைகளில் இருப்பவை ஆங்கிலேயர் கொண்டுவந்து விட்டவற்றின் வழிவந்தவை. வேகநீரும் மந்தநீரும் உரசும் எல்லைக்கோட்டில், மந்தநீர்ப் பக்கமாக டிரவுட் நிற்கும். பக்கத்து வேகநீர் பூச்சிகளை அடித்துக்கொண்டு வரும். எட்டிக் கவ்விவிட்டு இடத்துக்குத் திரும்பினால் போதும். உழைப்பு குறைவு, வரவு அதிகம்.

அந்த உழைப்பு எவ்வளவு குறைவு என்பதை 2003-இல் ஜேம்ஸ் லியாவ், ஜார்ஜ் லாடர் உள்ளிட்ட ஆய்வாளர்கள் ‘சயின்ஸ்’ இதழில் காட்டினார்கள். ஆய்வகத் தொட்டியின் ஓட்டத்தில் உருளை ஒன்றை நிறுத்தி, அதன் பின்னால் டிரவுட்டை நீந்தவிட்டார்கள். உருளையின் இரு பக்கமும் மாறி மாறிச் சுழிகள் பிறந்தன. மீன் அவற்றோடு மல்லுக்கட்டவில்லை. சுழிகளின் தாளத்துக்கு உடலை வளைத்துக்கொடுத்தது. வேலை செய்தவை பெரும்பாலும் முன்பக்கத் தசைகள் மட்டுமே. 2006-இல் வெளிவந்த ஆய்வு இன்னும் வியப்பானது. அதே மாதிரிச் சுழிகளில் வைக்கப்பட்ட செத்த டிரவுட்கூட, உடல் நெளிந்து, ஓட்டத்தை எதிர்த்து முன்னேறியது!

இப்படிப்பட்ட மீனை ஏமாற்றப் பார்ப்பதுதான் ஃப்ளை ஃபிஷிங். முள்ளில் இறகும் நூலும் சுற்றிச் செய்த பொய் ஈதான் இரை. டிரவுட்டின் கண்ணுக்கு அது எப்படித் தெரியும்? இங்கிலாந்தின் ஆல்ஃபிரட் ரொனால்ட்ஸ், மீனின் பழக்கங்களை அறிய ஸ்டாஃபர்ட்ஷயரில் பிளைத் ஆற்றின்மேல் ஒரு குடில் கட்டி, உள்ளிருந்து மீன்களைக் கவனித்தார். மீனுக்குக் காது கேட்கிறதா என்று பார்க்க, அருகில் துப்பாக்கி வெடிக்கச் செய்தும் அது அசையவில்லை. காற்றில் எழும் ஓசையில் மிகப் பெரும்பங்கு நீர்ப்பரப்பில் பட்டுத் திரும்பிவிடுகிறது. நண்பர்கள் கரையில் அரட்டை அடிக்கலாம். தடதடவென்று நடக்கத்தான் கூடாது. நிலத்தின் அதிர்வு நீருக்குள் இறங்கிவிடும். 1836-இல் ரொனால்ட்ஸ் வெளியிட்ட நூலில் மீனின் பார்வையைப் பற்றியும் எழுதினார்.

நீருக்குள் நுழையும் ஒளி வளைவதால், வெளியுலகம் முழுவதும் மீனுக்குத் தலைக்குமேல் ஒரு வட்டத்துக்குள் அடங்கிவிடுகிறது. அந்தக் கூம்பின் கோணம் ஏறத்தாழ 97 பாகை. 30 செ.மீ. ஆழத்தில் நிற்கும் மீனுக்கு வட்டத்தின் விட்டம் சுமார் 68 செ.மீ.தான். அதற்கு வெளியே நீர்ப்பரப்பு ஆற்றின் அடித்தரையைக் காட்டும் கண்ணாடி. மிதந்து வரும் ஈயின் கால்கள் அந்தக் கண்ணாடியில் அழுத்தும் சிறு குழிகள்தான் முதலில் மினுங்கும். வட்டத்தின் விளிம்பை நெருங்கும்போது சிறகு தெரியும். உடல் அதற்குப் பிறகுதான்.

ஆக, ஈயின் உருவத்தைச் சரிபார்க்கும் முன்பே அதன் நடையை மீன் பார்த்துவிடுகிறது. மேஃப்ளை என்னும் நிஜப் பூச்சி துடுப்பில்லாத பரிசல் மாதிரி. தான் உட்கார்ந்திருக்கும் நீர் என்ன வேகமோ, அதுவே அதன் வேகம். பொய் ஈக்கு அந்தச் சுதந்திரம் இல்லை. அது மிக லேசானது என்பதால், கனமான கயிற்றைத்தான் வீச வேண்டியிருக்கிறது. அந்தக் கயிறு இடையிலுள்ள வேகநீரில் விழுந்ததும் வில்லாக வளைந்து ஓடத் தொடங்கும். மறுநொடி, மந்தநீரில் கிடந்த ஈ வெடுக்கென்று இழுபடும். பின்னால் வாலாகக் கீறல் விழும். டிரவுட் தொடாது.

இதற்கு மாற்று வழிகள் உண்டு. தூண்டில் கழியின் நுனியால் கயிற்றின் வளைவைத் தூக்கி, நீர் வரும் பக்கமாகப் போடுவார்கள்; ‘மெண்டிங்’ என்பது இதுதான். கயிறு நெளிநெளியாக விழும்படியும் வீசுவதுண்டு. ஓட்டம் அந்த நெளிவுகளை நீட்டி முடிக்கும்வரை ஈக்குச் சில நொடி விடுதலை. எல்லாவற்றையும்விட எளிது, இன்னும் நெருங்கிப் போய், கழியை உயர்த்திப் பிடித்து, வேகநீரில் கயிறே படாமல் பார்த்துக்கொள்வது.

எளிதில் கண்ணுக்குப் புலப்படாத நூலளவு இழுவையும் காரியத்தைக் கெடுக்கும். வீசுகிறவர் நிற்கும் இடத்திலிருந்து அது தெரியாது. அதனால்தான் கூட வந்த நண்பரைக் கரைமேட்டில் நிறுத்துகிறார்கள். அவர் பார்க்க வேண்டியது ஈயை மட்டுமல்ல, பக்கத்தில் மிதக்கும் நுரைக்குமிழியையும்தான். குமிழி எந்தக் கயிற்றிலும் கட்டப்படாதது. அந்த இடத்து நீரின் வேகத்தை அப்படியே காட்டும். ஈயும் குமிழியும் ஜோடியாக வந்தால் காத்திருக்கலாம். ஈ ஒரு விரல் முந்திவிட்டாலும், “எடு, திரும்பப் போடு” என்று அவர் குரல் கொடுப்பார். எவ்வளவு பாடுபட்டுக் கட்டிய ஈயாக இருந்தாலும் சரி.