மறவர் கள்ளும் மாத்திரை வீரமும்

அதியமான் நெடுமான் அஞ்சியின் தூதராக ஔவையார் தொண்டைமானிடம் சென்ற செய்தியைப் புறநானூற்றின் 95ஆம் பாடலால் அறிகிறோம். தொண்டைமான்களின் தலைநகர் நாம் வாழும் இக்காஞ்சி என்பது ஈண்டு நினைக்கத்தக்கது. தன் படைக்கலக் கொட்டிலைத் தொண்டைமான் பெருமிதத்துடன் காட்டினான். இங்குள்ள கருவிகள் அழகு குன்றாமல் பொலிகின்றன. எம் தலைவனின் வேல்களோ போரில் முனை சிதைந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்றார் ஔவையார். புகழ்வதுபோல் பழித்த நயத்தை நாம் பலகாலும் வியந்திருக்கிறோம்.

ஆயினும் அப்பாடல் நம்முள் வேறொரு வினாவையும் எழுப்புகிறது. மழுங்கிய வேலைக் கொல்லன் செப்பனிடுவான். அவ்வேலை ஏந்திய மனிதன் சோர்ந்தால் அவனைச் செப்பனிடுவது எங்ஙனம்? உணவும் உறக்கமும் அமைதியுமே அதற்குரிய விடை. போர் நடத்தும் அரசுகளோ வேறொரு விடையையும் கண்டன. அதுவே ஊக்க மருந்து.

பண்டைய வழக்கம்

போரும் மதுவும் இணைந்தமைக்குத் தமிழிலக்கியம் சான்று தருகிறது. ஆநிரை கவர்ந்து மீண்ட மறவர் கள்ளுண்டு களிப்பதை ‘உண்டாட்டு’ என வெட்சித் துறைகளுள் ஒன்றாகத் தொல்காப்பியர் வைத்தார். புறநானூற்றின் 290ஆம் பாடலில் அதே ஔவையார், வீரன் ஒருவனுக்கு முதலில் கள்ளை அளித்துப் பின்னர் உண்ணுமாறு மன்னனிடம் கூறுகிறார். அவ்வீரனின் பாட்டன் மன்னனின் பாட்டனைக் காத்துக் களத்தில் மடிந்தவன் என்பதே அவர் காட்டும் காரணம். அங்குக் கள் மன்னன் வீரனுக்குச் செய்யும் சிறப்பு.

வடபுலத்தில் இராசபுத்திர வீரர் போர்நாளில் அபினை இருமடங்காக உண்டனர் என்று, ஔரங்கசீப் காலத்தில் இந்தியாவில் தங்கியிருந்த பிரெஞ்சு மருத்துவர் பெர்னியர் எழுதியுள்ளார். கள்ளும் அபினும் அச்சத்தை மழுக்கும்; ஆனால் உறக்கத்தை ஓட்டமாட்டா. உறங்காத வீரனை உருவாக்கும் முயற்சி இருபதாம் நூற்றாண்டிற்கு உரியது.

ஆய்வுக்கூடம் தந்த படைக்கலம்

ஆம்பெட்டமின் என்னும் வேதிப்பொருள் 1887இல் பெர்லினில் உருவாக்கப்பட்டது. அதனினும் கடுமையான மெத்தாம்பெட்டமினை 1893இல் ஜப்பானிய அறிஞர் நாகாய் நாகயோஷி உருவாக்கினார். ஜெர்மனியின் டெம்லர் நிறுவனம் 1938இல் அதனைப் ‘பெர்விட்டின்’ என்னும் பெயரில் கடைகளில் விற்றது. பிரான்சின்மீது படையெடுத்த 1940ஆம் ஆண்டின் சில மாதங்களில் மட்டும் ஏறத்தாழ மூன்றரைக் கோடி மாத்திரைகள் ஜெர்மானியப் படைக்கு அனுப்பப்பட்டன. பிரிட்டனும் அமெரிக்காவும் ‘பென்செட்ரின்’ மாத்திரைகளைத் தம் வீரர்க்கு வழங்கின. இவ்வகையில் இரு தரப்பும் வேறுபடவில்லை.

பின்னாளில், 1972இல், இலக்கியத்திற்கான நோபல் பரிசு பெற்ற ஹைன்ரிக் பியோல் அன்று ஓர் இளம் படைவீரர். பெர்விட்டின் அனுப்பிவைக்குமாறு களத்திலிருந்து வீட்டிற்குக் கடிதம் எழுதினார். உணவுப் பண்டம் கேட்க வேண்டிய மகன் மாத்திரை கேட்டான் என்பது போரின் கொடுமையை நமக்கு உணர்த்தவில்லையா?

உடலில் நிகழ்வது யாது?

இம்மருந்து புதிய வலிமை எதனையும் தருவதில்லை. மூளையில் டோபமின், நார்அட்ரினலின் ஆகிய பொருள்களை மிகுதியாகச் சுரக்கச் செய்கிறது. இதயத் துடிப்பும் இரத்த அழுத்தமும் உயர்கின்றன. பசியும் உறக்கமும் விலகுகின்றன. அயர்வு நீங்குவதில்லை; அயர்வின் உணர்வே மறைகிறது. மருந்தின் வேகம் தணிந்ததும் தாங்கொணாச் சோர்வும் மனத்தளர்ச்சியும் வந்து சேரும். தொடர்ந்து உண்பார்க்கு அதே அளவு போதாமற் போகும். காரணமற்ற ஐயமும், இல்லாததைக் காணும் மயக்கமும் தோன்றும். இதயம் நின்றுபோதலும் உண்டு. இக்கேடுகளை உணர்ந்தே ஜெர்மனி 1941இல் பெர்விட்டினைச் சட்டக் கட்டுப்பாட்டிற்குள் கொண்டுவந்தது. எனினும் படையில் அதன் பயன்பாடு முற்றிலும் நிற்கவில்லை.

போருக்குப் பின்னும் தொடரும் போர்

ஜப்பானில் ‘பிலோபன்’ என்னும் பெயரில் வழங்கிய இம்மருந்து, போர் முடிந்தபின் நாட்டு மக்களிடையே பரவியது. 1951இல் தனிச்சட்டம் இயற்றப்பட்டது. 1954ஆம் ஆண்டில் மட்டும் 55,000க்கும் மேற்பட்டோர் கைதாயினர். ஆப்கானிஸ்தானில் 2002 ஏப்ரல் மாதம் அமெரிக்க வானோடி ஒருவர் வீசிய குண்டு, நட்பு நாடாகிய கனடாவின் வீரர் நால்வரைக் கொன்றது. மாத்திரையே அவர் தெளிவைக் குலைத்திருக்கலாம் என அவர்தம் வழக்கறிஞர் வாதிட்டார். விமானப்படை அதனை ஏற்கவில்லை. சிரியாவில் 2011இல் தொடங்கிய உள்நாட்டுப் போரின்போது ‘கேப்டகன்’ மாத்திரை பெருந்தொழிலாக வளர்ந்து, வளைகுடா நாடுகளின் இளைஞரையும் பற்றிக்கொண்டது. 2024 டிசம்பரில் அங்கு ஆட்சி வீழ்ந்தபின் அதனை உருவாக்கிய ஆலைகள் வெளிப்பட்டன.

நாம் உணர வேண்டுவது

பொருட்பாலில் படைச்செருக்கைப் பாடிய வள்ளுவர் அப்பாலிலேயே கள்ளுண்ணாமையையும் பாடினார். மயக்கம் தரும் பொருளைத் திருக்குர்ஆனும் விலக்குகிறது. தெளிந்த அறிவோடு நிற்பதே வீரம் என்பதில் ஐயமில்லை. ‘போதும்’ என்று சொல்லும் உரிமை மனித உடலுக்கு உண்டு. அவ்வுரிமையை மாத்திரையால் பறித்த அரசுகள் போரில் வென்றிருக்கலாம், தோற்றிருக்கலாம்; ஆனால் அதன் கடனை அடைத்தவர்கள் வீரர்களும் அவர்தம் குடும்பங்களுமே.

தேர்வுக்கு முன்னிரவில் உறக்கம் ஓட்ட மாத்திரை தேடும் மாணவர்க்கும் இது பொருந்தும். ஆம்பெட்டமின் வகை மருந்துகளை 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் நம் நாட்டில் கட்டுப்படுத்துகிறது. சட்டத்தினும் தெளிவாக இதனைச் சொல்ல வல்லவர் நம் ஊர் நெசவாளர். அளவுக்கு மீறி இழுத்த பாவு அறுந்துபோகும் என்பதை அவர் அறிவார். அறுந்த இழையைப் பிணைக்கவும் அவர் கைக்குத் தெரியும். அறுந்த நரம்பைப் பிணைக்கும் கை எங்குளது?