உச்சிக்குடும்பனுக்கு ஒரு சீட்டு

வல்லத்திராக்கோட்டையில் டாரட் சீட்டு வரைகிறேன் என்று சொன்னால், “கிளி எங்கே?” என்பதுதான் முதல் கேள்வி. நியாயமான கேள்வி. நம் கிளி ஜோசியமும் படச்சீட்டுதானே! நட்சத்திரத்துக்கு ஒன்றாக 27 சீட்டு. முருகன், மகாலட்சுமியோடு சில கட்டுகளில் புத்தரும் மேரி மாதாவும்கூட வருவார்கள். நம் நாட்டுக் கிளியைக் கூண்டில் வளர்ப்பது வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். 2024 தேர்தல் சமயத்தில் கடலூரில் ஜோசியரின் கிளிகளை வனத்துறை பறிமுதல் செய்தது. கிளி காட்டில் இருப்பதே சரி. அந்தப் படங்களை விடத்தான் எனக்கு மனசில்லை.

டாரட்டில் 78 சீட்டு. 15ஆம் நூற்றாண்டு இத்தாலியில் அது வெறும் விளையாட்டு. குறி சொல்வது பின்னால் வந்தது. 1909இல் லண்டனில் வெளியான, பமீலா கோல்மன் ஸ்மித் வரைந்த கட்டுதான் இன்று உலகெங்கும் புழங்குகிறது. அதற்கு முன் பெரும்பாலான கட்டுகளில் ‘ஐந்து கோப்பை’ என்றால் ஐந்து கோப்பைதான் இருக்கும். அவரோ கவிழ்ந்து கிடக்கும் மூன்றைப் பார்த்துத் தலைகுனிந்து நிற்கும் ஓர் ஆளை வரைந்தார். கவிழாத இரண்டு அவன் முதுகுக்குப் பின்னால் இருக்கின்றன. எழுத்தறியாதவருக்கும் கதை விளங்கிவிடும். கிளி ஜோசியச் சீட்டில் சாமி நம்மைப் பார்த்து நிற்கும், அவ்வளவுதான். கதையெல்லாம் ஜோசியர் வாயில்.

அதனால் நான் சாமியை நிற்கவைத்து வரைவதில்லை; நடந்த காரியத்தை வரைகிறேன். தலைகீழாகத் தொங்குபவன் சீட்டுக்குக் காத்தவராயன், கழுமரம் ஏறும் கட்டம். ரதம் சீட்டுக்குக் குளமங்கலம் ஐயனார் கோயில் குதிரை. முப்பதடிக்கு மேல் உயரமான அந்தக் குதிரைக்கு மாசிமகத்தில் காகிதப்பூ மாலைகள் குவியும். முதுகில் யாரையும் ஏற்றவில்லை. ஐயனார் ராத்திரி காவலுக்கு வருவார், அதுவரை குதிரை காத்திருக்கட்டும்.

அதிகம் யோசித்தது பூஜ்ய எண்ணுள்ள ‘பேதை’ சீட்டுக்குத்தான். வழி காட்டியது ஜாவா. அங்கே வாயாங் நிழல்கூத்தில் செமார் என்றொரு தொந்திக்காரர் உண்டு. பாண்டவர்களுக்கு வேலைக்காரர், கோமாளி, உண்மையில் தெய்வம். வியாச பாரதத்தில் அவர் கிடையாது; ஜாவா மக்கள் தாங்களே சேர்த்துக்கொண்டவர். நம் தோல்பாவைக்கூத்தில் உச்சிக்குடும்பனும் உளுவத்தலையனும் அப்படித்தான். கம்பன் அறியாத அந்த இருவர் இல்லாமல் நம் ராமாயணக் கூத்து நடக்காது. ஒரு கதையை ஊர் தன்னுடையதாக்கிக்கொண்டது என்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சி எனக்குத் தெரியவில்லை. ஆகவே உச்சிக்குடும்பன் கண்மாய்க்கரை விளிம்பில் குடுமியை ஆட்டிக்கொண்டு நிற்கிறான், பக்கத்தில் நாய். தோலில் உளியால் போட்ட துளைகள் வழியே விளக்கொளி வருமே, அதற்காக உடம்பெங்கும் வெள்ளைப் புள்ளிகள் விட்டிருக்கிறேன்.

டாரட்டின் சீட்டு வகைகளான கோப்பை, வாள், தடி, காசுக்குப் பதில் கலயம், அரிவாள், சாட்டை, காணிக்கைக் காசு. ‘பத்து வாள்’ மட்டும் இன்னும் முடியவில்லை. பமீலாவின் படத்தில் பத்து வாளும் விழுந்து கிடப்பவன் முதுகில் பாய்ந்திருக்கும். பலன், முழு அழிவு. கருப்பர் கோயிலில் மண்ணில் குத்தி நிற்கும் அரிவாள்களோ நேர்த்திக்கடன். வேண்டியது நடந்ததென்று கொண்டுவந்து நட்டவை. படத்தை மாற்றினால் பலனையும் மாற்றித்தான் ஆகவேண்டும். மாற்றப்போகிறேன்.